மேலே நடந்தது

1

போன மே மாதம் ஊருக்கு வந்திருந்தபோது, ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என் மதினி எல்லார் முன்னாலும் கேட்டாள்: “ஏளா எஸ்தர், பம்பாயில நீ எலி பிடிக்கிற வேல பாக்கியாமே, நெசமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து, “கம்பெனி வேல மதினி” என்று சொல்லி நழுவிவிட்டேன். திரும்பி வரும்போது ரயிலில் அது மனதில் உறுத்திக்கொண்டே வந்தது. கடலைப் பற்றி, இரண்டு மாடி பஸ்ஸைப் பற்றி, மழையில் தண்டவாளம் முழுகுவதைப் பற்றி எல்லாம் ஊருக்கு எழுதியிருக்கிறேன். என்ன வேலை செய்கிறேன் என்று மட்டும் ஒருவருக்கும் சரியாகச் சொன்னதில்லை. நம் சபைப் பத்திரிகையில் கொஞ்சம் இடம் தருவதாக ஆசிரியர் சொன்னதால் இதை எழுதுகிறேன். மதினி முதலில் படிக்கட்டும்.

நான் எலி பிடிப்பதில்லை. வீடு பார்க்கிறேன். வாடகைக்கு அல்ல. ஒரு வீட்டுக்குள் எலியோ, பெருச்சாளியோ, பாம்போ, வௌவாலோ, குரங்கோ நுழைய எங்கெங்கே வழி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஒரு டார்ச், முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி, வளைத்த கம்பி, சாக்குக்கட்டி, இவ்வளவுதான் சாமான். கண்ணாடியைப் பரணுக்குள் நீட்டி, டார்ச் அடித்துப் பார்ப்பேன். வழி இருக்கிற இடத்தில் சாக்குக்கட்டியால் வட்டம் போடுவேன். மறுநாள் எங்கள் கம்பெனித் தச்சன் சகாராமும் ஒரு கொத்தனாரும் வந்து கம்பி வலை, தகரம், சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுப் போவார்கள்.

இதற்குப் பெண் எதற்கு என்று கேட்பீர்கள். பகலில் வீட்டில் பெண்கள்தான் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஆண்பிள்ளையைச் சமையலறைக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் விட அவர்களுக்கு மனசு வருவதில்லை. எங்கள் முதலாளி கோவாக்காரர், வயதானவர். கம்பெனி சயானில் இருக்கிறது. அவர் இதைக் கவனித்து, எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெண் வேண்டும் என்று தேடியபோது, தாராவியில் எங்கள் சால் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்த ஒருவர் என் பெயரைச் சொன்னார். என் வீட்டுக்காரர் டிராம்பேயில் பிட்டராக இருக்கிறார். “வேண்டாம்னு சொல்லல, பாம்பு கீம்பு இருந்தா ஓடி வந்துரு” என்று மட்டும் சொன்னார். பாம்பைப் பார்த்து ஓடியதுண்டு. வேலையை விட்டு ஓடியதில்லை.

2

முதல் வருஷம் இந்தி என்னைப் படுத்தியது கொஞ்சமில்லை. இந்தியில் பொந்துக்கு ‘பில்’ என்று பெயர். அதைப் படித்துக்கொண்டு முலுண்டில் ஒரு பஞ்சாபி வீட்டுக் கதவைத் தட்டி, “பில் ஹை க்யா?” என்று கேட்டேன். அந்த அம்மாள் உள்ளே போய் மின்சார பில்லைக் கொண்டுவந்து கொடுத்து, “கட்டியாச்சே!” என்று சண்டைக்கு வந்துவிட்டாள். நான் தரையில் உட்கார்ந்து, விரலை வளைத்து ஓட்டை காட்டி, எலி மாதிரிக் கிறீச்சிட்டுக் காட்டிய பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ரேஷன் கார்டு கதை அதைவிட மோசம். குமாஸ்தா பெயர் கேட்டார். “எஸ்தர்” என்றேன். “இஸ்திரி? என்ன இஸ்திரி?” என்றார். மூன்று தரம் சொன்னேன். கார்டு வந்தபோது அதில் ‘இஸ்திரி பாய்’ என்று இருந்தது. திருத்தப் போனால் பிறந்த சான்று கேட்டார்கள். ஊரிலிருந்து ஞானஸ்நானச் சான்றை வரவழைத்துக் கொடுத்தேன். தமிழில் இருக்கிறது, மொழிபெயர்த்துக் கொண்டு வா என்றார்கள். மொழிபெயர்த்துக் கொண்டு போனபோது குமாஸ்தா மாறியிருந்தார். இன்றுவரை சர்க்கார் கணக்கில் நான் துணி தேய்க்கிற பெட்டிதான்.

தமிழ் வீடுகளில் வேறு விதம். மாட்டுங்காவில் ஒரு மாமி வாசலிலேயே நிறுத்தி, “நீ எந்த ஊர்ப் பொண்ணு?” என்று கேட்டார். திருநெல்வேலிப் பக்கம் என்றேன். முகம் மலர்ந்தது. பேர் என்ன என்றார். சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, “சமையலுள்ளுக்கு நானே போய்ப் பாக்கறேன். நீ அங்கேர்ந்தே சொல்லு” என்றார்.

நான் கூடத்தில் நின்றபடி, “அலமாரியை நகத்திட்டுச் சுவரோரமாப் பாருங்க மாமி” என்பேன். உள்ளேயிருந்து, “அய்யய்யோ, என் கை நுழையறதுடி!” என்று குரல் வரும். அப்படியே அந்த வீட்டைப் பார்த்து முடித்தோம். கிளம்பும்போது காப்பி கொடுத்தார். தனித் தம்ளர்தான். ஆனால் நல்ல காப்பி. எனக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

3

என் மகள் ரூபியைப் பற்றி ஊரில் எல்லாரும் விசாரிக்கிறீர்கள். நன்றாக இருக்கிறாள். என் தோள் உயரம் வளர்ந்துவிட்டாள். கூட்டாளிகளோடு இந்திதான். எங்களோடு தமிழில் ஆரம்பித்து, பாதியில் இந்திக்குத் தாவிவிடுவாள். சண்டை என்றால் முழுக்க இந்தி. அம்மா என்ன வேலை என்று யாராவது கேட்டால், “மம்மி ஆபீஸ் ஜாத்தி ஹை”, ஆபீசுக்குப் போகிறாள் என்பாள். அதில் பொய் இல்லை.

வீட்டு ஜெபத்தில் அவள் ஒரு அதிகாரம் வாசிக்கவேண்டும் என்பது அவள் அப்பா போட்ட சட்டம். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஒரு நாள் ‘எலியா’ என்ற இடத்தில், ‘எலி…’ என்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, “மம்மி, தும்ஹாரா எலி, உன்னோட எலி!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தீர்க்கதரிசி பெயரைச் சொல்லிச் சிரிப்பா என்று இவர் அதட்டினார். பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சியும் தமிழ் வேதாகமத்தைத் தொடவில்லை. அன்றைக்கு அவர் அதட்டாமல் இருந்திருக்கலாம். அவருக்கும் அது தெரியும். சொல்லமாட்டார்.

பள்ளிக்கூடத்தில் நடப்பதை எல்லாம் பக்கத்து அறை மராத்திப் பெண்ணிடம் இந்தியில் சொல்லுகிறாள். தட்டிச் சுவர்தானே, எனக்கும் கேட்கும். என்னிடம் நேரே சொன்னால் என்ன என்று ஒரு தடவை கேட்டேன். “உனக்குச் சொல்றதுக்கு ரொம்ப நேரம் ஆவுது மம்மி” என்றாள்.

4

நான் சொல்லவந்தது செம்பூர் வீட்டுக் கதை.

செம்பூரில் இப்போதும் தோட்டத்தோடு பழைய ஓட்டு வீடுகள் நிறைய இருக்கின்றன. டிராம்பே மலை பக்கம் என்பதால் அங்கே எங்களுக்கு எலி மட்டும் வேலை இல்லை. கீரி, உடும்பு, பாம்பு எல்லாம் வரும். அப்படி ஒரு வீட்டிலிருந்து வெங்கட்ராமன் என்பவர் போன் செய்திருந்தார். கோட்டைப் பக்கம் ஒரு ஆபீசில் நல்ல உத்தியோகம். நான் போனபோது கேட்டுக்கு வெளியிலேயே எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

“உள்ளே போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை,” என்றார். “ஆத்துக்காரி மேலே யாரோ நடக்கறா, நடக்கறாங்கறா. எங்க யாருக்கும் ஒண்ணும் கேக்கலை. குழந்தை பொறந்து மூணு மாசம் ஆகலை, தூக்கமே கெடையாது அவளுக்கு. நீங்க நன்னா பாருங்கோ. ஒண்ணும் இல்லேன்னா ஒண்ணும் இல்லேன்னு அவ எதிரே சொல்லிடுங்கோ. அது போறும் எனக்கு.”

நல்ல மனுஷர்தான். பயந்துபோயிருந்தார்.

உள்ளே அவருடைய தாயார் குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். மருமகள் லலிதா கதவோரம் நின்றாள். இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். பாலக்காட்டுப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். என்னைக் கண்டதும் யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தாள்.

“எலி இல்லை. எலின்னா ஓடும். இது நடக்கறது. மனுஷா அடி எடுத்து வெக்கற மாதிரி மெதுவா. குழந்தை தூங்கற எடத்துக்கு மேலே வந்து நின்னுடும். அப்புறம்…” மாமியாரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “சாதம் வேகற வாசனை வரும்.”

“கேட்டியாம்மா?” என்றார் மாமியார். கேலியாகச் சொல்லவில்லை, கண் கலங்கித்தான் சொன்னார். “அகாலத்துலே மச்சுலே சாதம் வேகறதாம். நான் யார்ட்டே போய்ச் சொல்லுவேன்?”

கூடத்துக்கும் அறைகளுக்கும் மேலே பலகை மச்சு. அதற்கும் மேலே ஓடு. மச்சுக்குப் போகிற சதுரக் கதவை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். நான் வெளியே போய் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பின்பக்கம் மாமரக் கிளை ஒன்று கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிளை படுகிற இடத்தில் ஒரு ஓடு விலகி, ஓரம் எண்ணெய் தடவினது போலக் கறுத்திருந்தது. ஏதோ ஒன்று அடிக்கடி உடம்பைத் தேய்த்துப் போய்வந்தால்தான் அப்படி ஆகும்.

உள்ளே வந்து சொன்னேன். “வழி இருக்கு சார். ஏதோ போக்குவரத்து இருக்கு. என்னதுன்னு மச்சைத் திறந்து பாத்தாத்தான் தெரியும்.”

“இப்பவே தொறங்கோ,” என்றாள் லலிதா.

“அதெப்படி?” என்றார் வெங்கட்ராமன். “வீட்டுக்காரர் பூனாவிலே இருக்கார். ஒரு ஆணி அடிக்கணும்னாலும் எழுதிக் கேக்கணும்னு அக்ரிமெண்டு.”

எங்கள் கம்பெனியிலும் அப்படித்தான் விதி. வீட்டுச் சொந்தக்காரர் எழுத்தில் சம்மதம் தராமல் கூரையையோ மச்சையோ தொடக்கூடாது. முன்பு ஒரு வீட்டில் பெரிய தகராறாகி முதலாளி கோர்ட்டுக்கு அலைந்திருக்கிறார்.

“எலியாத்தான் இருக்கும், இல்லையா?” என்று கேட்டார் வெங்கட்ராமன்.

“எலியைவிடப் பெரிசுன்னு தோணுது சார்.”

“தோணுதுன்னா? நிச்சயமா சொல்லுங்கோ. சாதம் வடிக்குமா அது?”

எலியின் நாற்றம் தெரியும், வௌவால் நாற்றம் தெரியும். சோற்று வாசனை வீசுகிற பிராணியை நான் அதுவரை கண்டதில்லை.

நான் கிளம்பும்போது லலிதா பின்கட்டு வரைக்கும் கூடவே வந்தாள். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க நம்பறேள், இல்லையா?”

“நம்புதேன்மா. கூரையில வழி இருக்கு, நானே கண்ணால பாத்தேன்லா.”

அவள் கையை விட மனசில்லாமல் விட்டாள்.

5

பூனாவுக்கு எங்கள் கம்பெனியிலிருந்து அன்றைக்கே கடிதம் போயிற்று. வீட்டுக்காரர் அவசரம் இல்லாதவர். முதலில், எவ்வளவு பலகை எடுக்க வேண்டியிருக்கும் என்று கேட்டு எழுதினார். பதில் போனது. பிறகு, தன்னுடைய தச்சன்தான் செய்யவேண்டும் என்றார். அந்தத் தச்சன் கல்யாணில் எங்கேயோ இருந்தான், ஆளே அகப்படவில்லை. சரி, உங்கள் தச்சனே செய்யட்டும், ஆனால் சேதம் வந்தால் கம்பெனிதான் பொறுப்பு என்று முத்திரைத்தாளில் வேண்டும் என்றார். முதலாளி கையெழுத்துப் போட்டு அனுப்பினார். முத்திரை போதாது என்று அது திரும்பி வந்தது. வாரங்கள் ஓடின. நான் ஒவ்வொரு தடவையும் ஆபீசில் போய்ச் சம்மதம் வந்ததா என்று கேட்பேன். டைப்பிஸ்ட் பெண் என்னைப் பார்த்ததுமே இல்லையென்று தலையை ஆட்டிவிடுவாள்.

அந்தப் பக்கம் வேறு வீட்டுக்குப் போயிருந்தபோது, இன்னும் பதில் வரவில்லை என்று சொல்லிவிட்டு வரலாமென்று லலிதா வீட்டுக்குப் போனேன். மாமியார்தான் கதவைத் திறந்தார். இடுப்பில் குழந்தை.

“அவ இல்லைம்மா. அவ அப்பா வந்து அழைச்சுண்டு போயிட்டார். மூணு மாசம் பொறந்தாத்துலே இருந்துட்டு வரட்டும்னு.”

“பிள்ளை?”

“கொழந்தைக்கு வயத்துலே பால் தங்கலை. இங்கே டாக்டர் இருக்கார், டப்பாப் பால் கெடைக்கறது. அங்கே அந்த ஊர்லே எல்லாத்துக்கும் எங்கே ஓடறது?” என்றவர், நான் ஒன்றும் கேட்காமலே மேலும் சொன்னார்: “அவ கொழந்தையைக் கீழேயே விடமாட்டேன்னுட்டா. மேலே இருக்கறது எறங்கி வந்து தூக்கிண்டு போயிடும்னு மடியிலே வெச்சுண்டு உக்காந்தே இருப்பா. அப்புறம் ஒரு நாள் திடீர்னு தூக்கவே மாட்டேன்னா. தன் கையிலேர்ந்து நழுவிடும்னு பயமாம். நான் என்ன பண்ணட்டும் சொல்லு.”

அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. அவரும் தூங்கி வெகு நாளானது முகத்தில் தெரிந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது கிரேஸ் அக்காவை நினைத்துக்கொண்டேன். நம் தெருவில் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தலைப்பிரசவத்துக்குப் பிறகு வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று பின்னறையில் வைத்தார்கள். நாங்கள் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்போம். தன் வீட்டுக்காரர் வேறொரு பெண்ணோடு பழகுகிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிசாசு பேசுகிறது என்று சபையார் வந்து ஜெபித்தார்கள். சில வருஷம் கழித்து அந்த மனுஷன் அந்தப் பெண்ணோடேயே இலங்கைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகும் கிரேஸ் அக்காவைப் பின்னறையிலிருந்து யாரும் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. ஊரை நினைத்து ஏங்கும்போது நான் இதையும் நினைத்துக்கொள்வது உண்டு.

6

சம்மதம் சனிக்கிழமை வந்துசேர்ந்ததும் மறுநாளே சகாராமைக் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை. வெங்கட்ராமன் வீட்டில் இருந்தார். வேலைக்காரிக்கு விடுமுறை. வாணலி, பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. மாமியார் கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தார்.

சகாராம் ஏணியில் ஏறி ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். கடைசி ஆணி வந்ததும் கதவை மேலே தள்ளினான். உள்ளே அடைந்துகிடந்த காற்று கீழே இறங்கியது.

“யாரு அடுப்புலே சாதம் வெச்சது?” என்று ஊஞ்சலிலிருந்து கேட்டார் மாமியார். “எல்லாம் ஆயாச்சே. ஏண்டா வெங்கட்டு, சாதம் வேகற…”

அத்தோடு நிறுத்திவிட்டார். பால் புகட்டிய கை அப்படியே நின்றது.

எனக்கும் வந்தது அந்த வாசனை. புது அரிசி பொங்கி வருகிறபோது வருமே, அதே வாசனை, கொஞ்சம் காட்டமாக. வெங்கட்ராமன் ஏணியின் காலைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றார். அவருக்கும் வந்திருக்கும்.

“உத்மாஞ்சர்!” என்று மேலேயிருந்து கத்தினான் சகாராம். மராத்தியில் மரநாய்க்கு அப்படிச் சொல்வார்கள். அவன் சொல்லி முடிப்பதற்குள் பலகை மேல் தொம் தொம் என்று காலடி. மனுஷர் நடக்கிற மாதிரியேதான். ஓட்டுச் சந்தில் வெளிச்சம் ஒரு நொடி மறைந்து திரும்பியது. மாமரக் கிளை ஆடியது. போய்விட்டது.

நான் ஏறிக் கண்ணாடியை நீட்டி டார்ச் அடித்தேன். படுக்கையறைக்கு நேர் மேலே, தேங்காய் நாரும் கந்தலும் சேர்த்த படுக்கையில் இரண்டு குட்டிகள். கண் திறந்து அதிக நாள் ஆகியிருக்காது. பக்கத்தில் பழக்கொட்டைகள். மரநாய் இருக்கிற இடத்தில் சோறு வேகிற வாசனை வரும் என்று சகாராம் அப்போதுதான் சொன்னான்.

சகாராம் ஓட்டை அடைக்க வலையை எடுத்தான். வேண்டாம் என்றேன்.

“ஏன்?” என்று கேட்டார் வெங்கட்ராமன்.

“இப்ப அடைச்சா தாய் வெளியே, குட்டி உள்ளேன்னு ஆயிரும் சார். அதுவா வந்து தூக்கிட்டுப் போவட்டும். பெறகு அடைக்கலாம்.”

அவர் போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். மாமியார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிறகு வெங்கட்ராமன், “இன்னிக்கே அவளுக்கு எழுதறேன்,” என்றார். எழுதினார் என்றுதான் நம்புகிறேன்.

ஒரு வாரத்துக்குள் மரநாய் தன் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விட்டது. நாங்கள் ஓடு மாற்றி, கம்பி வலை அடித்து, கிளையை வெட்டி, மச்சைக் கூட்டிக் கழுவி, கதவை மறுபடி பழையபடி மூடினோம். பூனாக்காரர் கேட்டபடி வெள்ளையும் அடித்துக் கொடுத்தோம். நாங்கள் வேலை முடித்துப் போனால் அங்கே ஒன்று இருந்தது என்பதற்கு அடையாளமே இருக்காது. அதுதான் நல்ல வேலை என்பார் முதலாளி.

பாலக்காட்டிலிருந்து லலிதாவின் அப்பா பதில் எழுதியிருந்தாராம். வைத்தியம் நடக்கிறது, கோயிலிலேயே தங்கிப் பஜனம் இருக்கிறாள், இப்போதுதான் மனம் அமைதிப்பட்டிருக்கிறது, பழைய பேச்சை எடுத்துக் குழப்ப வேண்டாம், பூரணமாகக் குணமானதும் தானே கொண்டுவந்து விடுகிறேன் என்று. ஒருமுறை போனபோது மாமியார் இதைச் சொன்னார். மூன்று மாசம் என்றது வருஷம் தாண்டியது.

7

எங்கள் கம்பெனி ஒரு வீட்டை அடைத்தால், அடுத்தடுத்த மழைக்காலங்களுக்கு முன்னால் போய் மறுபடி பார்த்துக் கொடுக்கும். இந்த வருஷம் செம்பூர் வீட்டுக்கு நான் போனபோது கதவைத் திறந்தது லலிதா.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். “வாங்கோ, சௌக்கியமா?” என்று நிதானமாகக் கேட்டாள். நிதானம் என்றால் அவ்வளவு நிதானம். அந்தப் பழைய படபடப்பு எங்கே போயிற்று என்று தேடினேன்.

பையன் நடந்து திரிகிறான். பாட்டி முந்தானையை விட்டு நகரமாட்டான். அப்பா கூப்பிடுவதைக் கேட்டுப் பாட்டியை அம்மா என்கிறான். லலிதாவை வீட்டில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி, “லலி” என்கிறான். “இன்னும் கொஞ்ச நாள்லே சரியாப் போயிடும்,” என்றாள் அவள். மாமியாரும், “அவன்ட்டே நான் சொல்லிண்டேதான் இருக்கேன்,” என்றார். யாரும் யாரையும் வெறுக்கவில்லை அந்த வீட்டில்.

கூரையைப் பார்த்துவிட்டுப் பின்கட்டுக்கு வந்தேன். லலிதா அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு என் பக்கம் வந்தாள்.

“ஒண்ணு கேட்டா நிஜத்தைச் சொல்லுவேளா?”

“கேளுங்கம்மா.”

“அன்னிக்கு மேலே ஒண்ணும் இல்லைதானே?”

எனக்குப் புரியவில்லை.

“என் மேலே எரக்கப்பட்டுத்தானே வழி இருக்குன்னேள்? நான் தப்பா நெனைக்கலை. அப்போ யாராவது அப்படிச் சொல்லாட்டா செத்தே போயிருப்பேன். இப்போ நேக்கு எல்லாம் தெளிஞ்சுடுத்து. நிஜத்தைச் சொன்னா தாங்கிப்பேன்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாமரக் கிளை, விலகின ஓடு, சகாராம், இரண்டு குட்டிகள், பழக்கொட்டை. மாமியார் ஊஞ்சலில் உட்கார்ந்து என்ன கேட்டார் என்பதையும் சொன்னேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன். அவள் ஒரு பெரியவர் பேச்சைக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டாள்.

“அவரும் இதையேதான் சொல்றார். அவர் அம்மாவும் அப்படியே சொல்றா. எல்லாரும் நல்லவா,” என்று சொல்லிச் சிரித்தாள்.

“நெசம்மா. என் பிள்ளை மேல சத்தியம்.”

“வேண்டாம். கொழந்தை மேலே சத்தியமெல்லாம் பண்ணாதேங்கோ,” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். நோயாளியை நாம் தட்டிக்கொடுப்போமே, அப்படி.

அந்த மச்சைத் திறந்து காட்டலாம் என்றால், அங்கே நாங்கள் கழுவிவிட்ட வெறும் பலகைதான் இருக்கிறது. பூனாக்கடிதம் ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் அன்று அந்த ஏணிக்குக் கீழே அவள் நின்றிருப்பாள். தன் காதால் கேட்டிருப்பாள், தன் கண்ணால் பார்த்திருப்பாள். மாமியார் கேட்ட அந்த ஒரு கேள்வி அவள் காதில் விழுந்திருக்கும். இந்த ஊரில் எத்தனையோ கடிதங்களுக்குக் காத்திருந்திருக்கிறேன். இதைப்போல எதற்காகவும் மனம் அடித்துக்கொண்டதில்லை.

மீதி இருந்தது சாமான் அறை ஒன்றுதான். அரிசி மூட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்தேன். கதவின் கீழ்ப்பலகையை எலி கறண்டி அரை வட்டமாகத் தின்றிருந்தது. புது மரத்தூள் தரையில் கிடந்தது. இப்படி ஒரு பலகையைக் கறண்டினால் அடுத்த அறையில் படுத்திருப்பவர்களுக்குக் கட்டாயம் கேட்கும். லலிதா அந்த அடுத்த அறையில்தான் படுக்கிறாள்.

“சத்தம் ஒண்ணும் கேக்கலியாம்மா?” என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். விரலால் அந்த அரை வட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினாள்.

“இது எலியா?”

“எலிதான்.”

“நிஜமா எலியா?” என்று மறுபடியும் கேட்டாள். “ரொம்ப நாளாக் கேக்கறது. நேக்கு மறுபடியும் ஆரம்பிச்சுடுத்துன்னு நெனச்சேன். காதைப் பொத்திண்டு ஸ்லோகம் சொல்லிண்டு படுத்துப்பேன்.”

“யார்ட்டயாவது சொல்லக்கூடாதா?”

“சொல்லுவேனா? திரும்பியும் அனுப்பிட்டா?”

நான் டார்ச்சை அணைத்தேன். பாருங்கள், இது எப்படி நிஜமோ அதுவும் அப்படித்தான் என்று சொல்ல வாய் வந்தது. அவள் முந்திக்கொண்டாள்.

“நான் கேட்டேன்னு அவாள்ட்டே சொல்லிடாதேங்கோ. ஒங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.”

கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். “என்னம்மா, இந்தத் தடவை ஏதாவது இருக்கா?”

லலிதா சுவரோடு ஒட்டி நின்று என்னைப் பார்த்தாள்.

“எலி இருக்கு மாமி,” என்றேன். “யாருக்கும் கேட்டிருக்காது. நான்தான் பாத்தேன்.”

அவள் மூச்சை விட்டாள். பிறகு வெளியே போய், கொடியில் சுருண்டு கிடந்த துணியை உதறி, நேராக விரித்துப் போட்டாள்.